தோள்மாற்றும் பாட்டு: ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கான குழு இசையும் பழவேற்காட்டுக் கரையும்

தமிழ்நிலத்தில் பாட்டுக்கும் துன்பத்துக்கும் உள்ள உறவு இரண்டு தனி மரபுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. ஒன்று, பாட்டை மருந்தாகக் கொள்ளும் மரபு. பாண்டியனின் வெப்புநோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தணித்தார் என்று பெரியபுராணம் கூறுவதும், மாணவர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர முத்துசுவாமி தீட்சிதர் நவக்கிரகக் கீர்த்தனைகளை இயற்றத் தொடங்கினார் என்று இசையுலகம் வழிவழியாகச் சொல்லிவருவதும் இம்மரபைச் சேர்ந்தவை. இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று பட்டியலிடும் இக்காலப் பழக்கமும் இதன் நீட்சியே. மற்றொன்று, பாட்டைச் சுமையின் தோள்மாற்றாகக் கொள்ளும் மரபு. வலை இழுப்போர், நாற்று நடுவோர், சுண்ணாம்பு இடிப்போர், இழவு வீட்டில் கூடுவோர் ஆகியோரின் பாட்டுகள் எந்த நோயையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஒருவரால் தாங்க முடியாததைப் பலர் சேர்ந்து தாங்க அவை வழிசெய்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கெனக் கடந்த கால் நூற்றாண்டில் உருப்பெற்ற குழு இசைச் சிகிச்சை, பெயரளவில் முதல் மரபைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், செயலளவில் இரண்டாம் மரபுக்கே நெருங்கியது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது. அந்த இரண்டாம் மரபு வேரூன்றியிருந்த நெய்தல் நிலங்களுள் ஒன்றான, மீஞ்சூர் ஒன்றியத்துப் பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து அவ்வரலாற்றைக் காண்பது பொருத்தமாகும்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், முகத்துவாரத்தை ஒட்டிய தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. போர்த்துக்கீசியர் 1515-இல் எழுப்பிய மகிமை மாதா ஆலயம், டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, 1690-இல் அவர்களுடைய சோழமண்டலத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது, 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது என்று இவ்வூரின் வரலாறு பெரும்பாலும் வணிகக் கம்பெனிகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் கரையில் வாழ்வோரின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்தியது கம்பெனிகளின் சட்டத்தைக் காட்டிலும் ‘பாடு’ என்னும் ஊர்முறையே ஆகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய குப்பங்களின் மீனவர், ஏரியில் வலை கட்டுவதற்குரிய இடங்களைத் தமக்குள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு எனப்படுகிறது. நல்ல மீன்பாடு உள்ள இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமலும், வறண்ட இடம் ஒருவர் தலையிலேயே விடியாமலும் காப்பது இம்முறையின் நோக்கமாகும்.

உழைப்பைப் பகிரும் இம்முறைக்கு இணையாக, உழைப்பின் களைப்பைப் பகிரும் முறையும் தமிழ்க் கடற்கரை நெடுகிலும் இருந்தது. கரைவலை என்பது, படகில் கொண்டுசென்று கடலில் அரைவட்டமாக விடப்படும் பெருவலையின் இரு கயிறுகளையும் இரு அணிகள் கரையில் நின்று இழுத்து ஒடுக்கும் முறையாகும். ஈழத்துக் கரைகளிலும் தமிழகத்துக் கரைகளிலும் அம்பா என்று அறியப்படும் வேலைப்பாட்டு இவ்விழுப்போடு பிறந்தது. பாட்டை எடுத்துக்கொடுப்பவர் ஓர் அடியைப் பாடும்போது மற்றவர்களின் கைகள் கயிற்றில் முன்னே நகர்ந்து பிடி கொள்கின்றன. அவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ திருப்பிச் சொல்லும்போது, அச்சொல்லின் அழுத்தம் விழும் நொடியில் எல்லா உடல்களும் ஒருசேரப் பின்னே சாய்கின்றன. எடுத்துக்கொடுப்பவர் நல்ல குரல் உடையவராக இருக்க வேண்டும் என்பதைவிட, களைத்தவர் யார், வேகத்தை எப்போது குறைப்பது என்று அறிந்தவராக இருப்பதே இன்றியமையாதது. பின்பாட்டுப் பாடுவோரில் சுருதி சேராதவரை யாரும் விலக்கியதில்லை. ஏனெனில் அங்கே தேவைப்பட்டது சுருதியன்று, மூச்சு.

பெண்களின் பாட்டு இதே பணியை வீட்டுக்குள் செய்தது. இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு அசைந்தாடி ஒப்பாரி வைக்கும்போது, ஒருத்தி பாட்டைக் கட்ட, மற்றவர்கள் அடியின் முடிவில் விசும்பலால் அதனை ஏற்கின்றனர். இறந்தவரைப் பற்றித் தொடங்கும் பாட்டு, சற்று நேரத்தில் பாடுபவளின் சொந்தக் குறைகளுக்குத் திரும்பிவிடுவதை அனைவரும் இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றனர். தாலாட்டும் அத்தகையதே. கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) போன்ற தொகுப்புகளின் வழி எழுத்துலகுக்கு வந்த நாட்டார் பாடல்களில், தாலாட்டு என்பது குழந்தையை உறங்கச் செய்வதோடு நில்லாமல், பிறந்த வீட்டின் பெருமையும் புகுந்த வீட்டின் மனத்தாங்கலும் ஒருசேர வெளிப்படும் இடமாகவும் விளங்குவதைக் காணலாம். குழந்தைக்குப் பாடப்படும் பாட்டு பாடும் தாய்க்கும் உரியது என்னும் உண்மை, பிற்காலத்தில் சிகிச்சையாளர்கள் ஆய்வின் வழி வந்தடைந்த முடிவோடு ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது.

ஆட்டிசம் என்பது நோயன்று; சமூகத் தொடர்பு, பேச்சு, புலனுணர்வு ஆகியவை பெரும்பாலோரிடமிருந்து மாறுபட்ட வகையில் அமையும், பிறப்பிலிருந்தே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிக்கும் ஒரு வளர்ச்சி நிலை. அமெரிக்க உளமருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் வெளியிட்ட கட்டுரையே இதனைத் தனி நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அக்கட்டுரையிலேயே இசை இடம்பெற்றுவிட்டது: பேச்சு வராத வயதிலேயே மெட்டுகளைப் பிசகாமல் முணுமுணுத்த குழந்தையும், ஒன்றரை வயதில் 18 சிம்பொனிகளைப் பிரித்தறிந்த குழந்தையும் அந்தப் பதினொருவருள் அடங்குவர். அதே கேனர் பின்னர்ப் பெற்றோரின் உணர்ச்சிக் குளிர்மையைப் பற்றியும் எழுதினார். 1949-இல் வெளியான கட்டுரையில் இக்குழந்தைகள் பனி உருகாத குளிர்பெட்டியில் வைக்கப்பட்டவர்களைப் போல வளர்ந்தனர் என்ற பொருளில் அவர் குறிப்பிட்டது, ‘குளிர்பெட்டித் தாய்’ என்னும் கொடிய கருத்துக்கு வித்திட்டது. புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூலின் வழி அக்கருத்து பொதுமக்களிடமும் பரவி, குழந்தையின் நிலைக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று கல்வியாளர்களும் மருத்துவர்களும் நம்பும் காலம் ஒன்று வந்தது.

தாய் குற்றவாளியாகக் கருதப்பட்ட அக்காலத்தில், தாய்க்கு ஆதரவு என்னும் எண்ணம் பிறப்பதற்கே வழியில்லை. அவளைக் குழந்தையிடமிருந்து பிரிப்பதோ, அவளையே மனப்பகுப்பாய்வுக்கு உட்படுத்துவதோதான் சிகிச்சையாகக் கருதப்பட்டது. இந்நிலையை மாற்றியவர்கள் பெற்றோரே ஆவர். இங்கிலாந்தில் 1962-இல் பெற்றோர் தொடங்கிய சங்கம் இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கமாக வளர்ந்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் வெளியிட்ட நூலில், ஆட்டிசத்தின் காரணம் வளர்ப்பில் இல்லை, உடலியலில் உள்ளது என்று வாதிட்டு, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பெற்றோர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் கூட்டமொன்றில் 1969-இல் பேசிய கேனர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தார். தமிழ்க் குடும்பங்களில் குளிர்பெட்டித் தாயின் பெயர் பரவவில்லை என்றாலும், முன்வினை, கண்ணேறு, கருவுற்ற காலத்தில் தாய் செய்த பிழை என்று அதே பழி வேறு உருவங்களில் தாயின் தலையிலேயே வந்து விழுந்தது என்பதை மறுக்க இயலாது.

இசைச் சிகிச்சை ஒரு தொழில்துறையாக அமைந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் பணியாற்றிய பட்டறிவிலிருந்து 1950-இல் அமெரிக்காவில் தேசிய இசைச் சிகிச்சைச் சங்கம் தோன்றியது. செல்லோ கலைஞர் ஜூலியட் ஆல்வின் 1958-இல் பிரித்தானியச் சங்கத்தை நிறுவினார். இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959 முதல் மாற்றுத்திறன் குழந்தைகளோடு இணைந்து உருவாக்கிய முறை, மனோதர்மமாக இசைப்பதை அடிப்படையாகக் கொண்டது: குழந்தை எழுப்பும் ஒலியையோ அசைவையோ சிகிச்சையாளர் உடனுக்குடன் இசையால் ஏற்று, அதற்கு மறுமொழி கொடுத்து, சொல் இல்லாத உரையாடல் ஒன்றை வளர்ப்பார். ஆல்வின் 1978-இல் ஆட்டிசக் குழந்தைகளுக்கான இசைச் சிகிச்சை குறித்துத் தனி நூலே எழுதினார். இம்முறைகளின் நடுவில் குழந்தையே இருந்தது. பெற்றோர் குழந்தையை அழைத்துவருபவராகவும், பிறகு வீட்டில் பயிற்சியைத் தொடர்பவராகவும் இருந்தனரே தவிர, அவர்களுக்கும் ஓர் உள்ளம் உண்டு, அதற்கும் தேவை உண்டு என்னும் நோக்கு மெல்லவே வந்தது.

அந்த நோக்கு தெளிவாக வெளிப்பட்ட இடங்களுள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து முதன்மையானது. அங்கே 2001-இல் தொடங்கப்பட்ட ‘சிங் அண்ட் குரோ’ திட்டம், இளம் பெற்றோரையும் வறுமையில் உள்ளோரையும் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரையும் குழந்தைகளோடு சேர்த்துச் சிறு குழுக்களாக அமைத்து, வாரம் ஒன்றாகப் பத்து வார அமர்வுகளை நடத்தியது. மாற்றுத்திறன் குழந்தைகளும் அவர்களின் தாய்மாருமாக 201 இணைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரை, தாயின் மனநலமும் குழந்தையோடு அவள் ஈடுபடும் தன்மையும் மேம்பட்டதைப் பதிவுசெய்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் அதன் முடிவுகளை அளவோடே கொள்ள வேண்டும். இதற்கு மாறாக, ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான பெரிய சோதனை, மனோதர்ம இசைச் சிகிச்சை ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் குறைப்பதில் வழக்கமான பராமரிப்பைவிடச் சிறந்ததாக இல்லை என்று கண்டது. அடுத்த ஆண்டு மான்ட்ரியலில் மேகா சர்தாவும் பிறரும் 51 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், இசை பெற்ற குழந்தைகளின் தொடர்பாடலோடு குடும்பத்தின் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது தெரியவந்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இசையின் பயன் குழந்தையின் ஆட்டிசத்தை மாற்றுவதில் அன்று, குழந்தையும் குடும்பமும் சேர்ந்து வாழும் வாழ்வை இலகுவாக்குவதிலேயே தேடத்தக்கது என்பது புலனாகும்.

தமிழ்நாட்டில் பெற்றோரைச் சிகிச்சையின் பங்காளிகளாகக் கொள்ளும் பழக்கம் இசையின் வழியாக வரவில்லை. மனநல மருத்துவத்தின் வழியாக வந்தது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கியிருக்க இடமளிக்கும் முறை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1950களின் இறுதியிலிருந்தே வழக்கத்துக்கு வந்தது. அங்குள்ள ‘நம்பிக்கை நிலையம்’, ஆட்டிசமும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் உள்ள குழந்தைகளோடு தாய்மாரும் வாரக்கணக்கில் தங்கிப் பயில இடமளித்து வருகிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குப் பத்து வாரம் கலந்துரையாடும் குழு அமர்வுகளையும் மறு சாராருக்கு விரிவுரைகளையும் அளித்து அங்கு நடந்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. கலந்துரையாடிய குழுவினரின் மனப்பாங்கே கூடுதலாக மேம்பட்டிருந்தது. மேடையிலிருந்து அறிவுரை கேட்பதைவிட, அதே நிலையில் உள்ள மற்றொருவரோடு வட்டமாக அமர்வது பயன்தரும் என்னும் இம்முடிவு, பின்னால் வந்த எல்லாக் குழு முறைகளுக்கும் தமிழ்நாட்டுச் சான்றாக நிற்கிறது.

சட்டம் இதற்குப் பின்னரே வந்தது. ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. மேரி பருவா 1991-இல் தில்லியில் தொடங்கிய ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’ போன்ற பெற்றோர் வழி அமைப்புகளின் முயற்சிக்கிடையே, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. இதற்கிடையே சென்னையில் ‘சங்கல்ப்’, ‘வீ கேன்’ போன்ற ஆட்டிசத்துக்கான நிறுவனங்கள் தோன்றின; யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ போன்ற நூல்களின் வழி பெற்றோரே தமிழில் எழுதத் தொடங்கினர். இசைச் சிகிச்சைத் துறையில் டி.வி. சாய்ராமின் ‘நாதா’ மையம் சென்னையில் செயல்பட்டது. புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் சுமதி சுந்தர் தலைமையில் 2010-இல் அமைந்த இசைச் சிகிச்சைக் கல்வி ஆய்வு மையம், மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இத்துறைக்கு இடம் பெற்றுத் தந்தது.

பெற்றோருக்கான குழு அமர்வு இருவகைப்படும். ஒன்றில் குழந்தைகளும் உடன் இருப்பர். மற்றொன்றில் பெற்றோர் மட்டுமே இருப்பர். ஒலியைத் தாங்க இயலாமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையைக் கவனித்துக்கொண்டே தாய் தன் மூச்சைக் கவனிக்க முடியாது என்பதால், இரண்டாவது வகைக்குத் தனித் தேவை உண்டு. எட்டுப் பத்துப் பேர் பாயில் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவர் பெயரையும் சேர்த்துப் பாடும் வரவேற்போடு அமர்வு தொடங்கும். பிறகு கைத்தாளம், சலங்கை, சிறு பறை போன்ற, பயிற்சி இல்லாதவரும் வாசிக்கத்தக்க கருவிகளால் ஒருவர் தொடங்கும் தாளத்தை மற்றவர் ஏற்பர். தனித்தனியே தொடங்கிய அசைவுகள் சிறிது நேரத்தில் தாமாகவே ஒரு காலத்தில் வந்து சேர்வதைத் துறையினர் தாள இயைவு என்பர். அடுத்து, தெரிந்த மெட்டொன்றுக்குத் தம் நாளைப் பற்றிய சொற்களைப் பெற்றோரே கட்டுவர்: இரவெல்லாம் உறங்காத பிள்ளை, பேருந்தில் முறைத்துப் பார்த்தவர், ‘பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை’ என்ற உறவினர் என எதுவும் பாட்டாகலாம். இசை வகுப்பில் தவறு திருத்தப்படும். இங்கே தவறு என ஒன்று கிடையாது. மெட்டு பொதுவானது, சொல் தன்னுடையது, அடியின் முடிவை எல்லோரும் ஏற்பது என்ற இவ்வமைப்பு ஒப்பாரியின் அமைப்பே என்பதைத் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சேர்ந்து பாடுவோரிடையே நட்பு விரைவில் உண்டாகிறது என்று இங்கிலாந்தில் 2015-இல் வெளியான ஆய்வும், மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்த தாய்மார் சேர்ந்து பாடியபோது விரைவாகத் தேறினர் என்று 2018-இல் வெளியான ஆய்வும் இதற்கு அறிவியல் சான்று தருகின்றன.

இவ்வளர்ச்சி பெரும்பாலும் நகரத்தைச் சார்ந்தே நிகழ்ந்தது. பழவேற்காட்டுக் குப்பமொன்றிலிருந்து, சில ஊர்களில் படகேறி, பிறகு பேருந்தில் பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ வந்து, புறநகர் ரயிலில் சென்னைக்குப் போய்த் திரும்புவது என்றால், மீன் விற்கும் பெண்ணுக்கும் இறால் தடவும் பெண்ணுக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். தேசிய அளவில் 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டம் ஆட்டிசத்தையும் கண்டறிய வேண்டிய நிலைகளுள் சேர்த்து, மாவட்டந்தோறும் ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களுக்கு வழிவகுத்தது. உள்ளடக்கிய கல்வியின்கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் பணியாற்றுகின்றனர். ஆயினும் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் (1992) வகுத்த தொழில்முறைப் பிரிவுகளில் இசைச் சிகிச்சையாளருக்கு இடம் இல்லாமையால், அரசு அமைப்புகளில் பாட்டு என்பது சிறப்பாசிரியர் தம் விருப்பத்தால் சேர்த்துக்கொள்ளும் ஒன்றாகவே நிற்கிறது.

இதே காலத்தில் கரையின் பழைய பாட்டும் மெலிந்தது. கரைவலை குறைந்து பொறி பூட்டிய படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. இயந்திரத்தின் ஓசைக்கு நடுவே எடுத்துக்கொடுப்பவருக்கு வேலை இல்லை. ஆனால் அதே பேரலை மற்றொன்றையும் கொண்டுவந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை ஸ்கார்ஃப் போன்ற மனநல நிறுவனங்கள் ஊராரையே மனநல ஆதரவுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துத் தமிழகக் கடற்கரைகளில் பணியாற்றியதன் வழி, இழப்பைப் பற்றிக் குழுவாக அமர்ந்து பேசுவதும், குழந்தைகளை ஆடல் பாடல் வழி அணுகுவதும் மீனவ ஊர்களுக்கு அறிமுகமாயின. நகரத்து வல்லுநர் ஒவ்வொரு வாரமும் வர வேண்டியதில்லை, ஊரில் ஒருவர் பயிற்சி பெற்றால் போதும் என்பதை அப்பணி மெய்ப்பித்தது.

ஆகவே இவ்வரலாறு மூன்று படிகளில் நகர்ந்திருக்கிறது எனலாம். பெற்றோர்மீதான பழி நீங்கியது முதற்படி. ஒத்த நிலையினர் கூடி அமர்ந்தது இரண்டாம் படி. அக்கூட்டத்துக்குப் பாட்டு வந்து சேர்ந்தது மூன்றாம் படி. மேலைநாடுகள் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு வர முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. பழவேற்காட்டுக் கரைக்கோ கூடிப் பாடுவது புதிதன்று. அங்கே நிறைவேறாமல் இருப்பது முதற்படியே. மீன்பிடிக்கும் நீரைக்கூட ஒருவருக்கே விடாமல் முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட ஊர், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பராமரிப்பைப் பெரும்பாலும் ஒரு தாயின் பாடாகவே விட்டுவைத்திருப்பதற்கு, அது அவளுடைய குறையால் வந்தது என்னும் எண்ணமே காரணம். இன்ன இராகம் கேட்டால் பிள்ளை பேசும் என்று விற்கப்படும் வாக்குறுதிகள் அப்பழியைக் குறைப்பதில்லை. பிள்ளை பேசாதபோது, சரியாகப் பாடாதவள் என்று தாயின்மேல் புதிய பழி ஒன்றையே சேர்க்கின்றன. எனவே இக்கரையில் பெற்றோருக்கான குழு இசை அமையுமானால், அதன் பயனைப் பிள்ளை பேசிய சொற்களை எண்ணி அளக்கக் கூடாது. வந்த தாய் அடுத்த வாரமும் வந்தாளா, கூடவே கணவனோ மாமியாரோ வந்தாரா, ஒரு வீட்டுப் பிள்ளையை மற்றொரு வீட்டார் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் பழக்கம் உண்டாயிற்றா என்பவையே அதற்கு ஏற்ற அளவுகோல்களாகும்.